எழுதியது உங்கள் கையிலேயே இருக்க...

காசு செலவில்லாமல், செல்போனிலேயே சொந்த வலைப்பூ தொடங்கும் முறை

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி. நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த சுரங்கம் அது. பூமிக்கு அடியில் 3 கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கி, அனலில் வெந்து, பாறை வெடித்துச் சிதறும் அபாயத்துக்கு நடுவே வேலை செய்தவர்களில் தமிழர்கள் மிகுதி. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போய், லைன் வீடுகளில் குடியேறிப் பிழைத்தவர்கள்.

அவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்கும் தள்ளாத வயது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். வேலை முடிந்து அதே ரயிலில் திரும்புகிறார்கள். போக வர நாலு மணி நேரம் போய்விடுகிறது. கையில் செல்போன் இருக்கிறது.

"அப்பா சொன்ன கதைகளை எல்லாம் எழுதி வைக்க வேண்டும்" என்ற எண்ணம் அந்த ரயிலில் எத்தனையோ பேருக்கு உண்டு. சிலர் எழுதவும் செய்கிறார்கள். எங்கே? வாட்ஸ்அப்பில். அல்லது பேஸ்புக்கில்.

வாட்ஸ்அப்பில் எழுதியது ஒரு வாரத்தில் 'குட்மார்னிங்' படங்களுக்கு அடியில் புதைந்து போகிறது. அடுத்த குழுவுக்குப் போகும்போது எழுதியவர் பெயர் கழன்று விடுகிறது. மூன்றாவது குழுவில் அதே கதை வேறொருவர் பெயரில் வலம் வருகிறது. செல்போன் தொலைந்தாலோ, தண்ணீரில் விழுந்தாலோ, பல பேருக்கு எல்லாமே போயிற்று.

இது தங்கவயல்காரர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. மில்லில் தறி ஓட்டியவர், தொழிற்சாலையில் லேத் பிடித்தவர், அரசு அலுவலகத்தில் டைப் அடித்தே முப்பது வருடத்தை ஓட்டியவர், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்தியவர் என்று நம்மில் ஒவ்வொருவரிடமும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை எழுதி, நாலு பேர் படிக்கும்படி வைத்து, எழுதியது தொலையாமலும் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால்?

இன்டர்நெட்டில் பிறர் நடத்தும் இடத்தில் எழுதுவது வாடகை வீட்டில் குடியிருப்பது போல. வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வீடு அவருடையது.

1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 1999-ல் யாகூ அதை வாங்கியது. 2009-ல் மூடியது. ஆர்குட் நினைவிருக்கிறதா? 2004-ல் வந்தது. இந்தியாவில் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் கிடந்தார்கள். 2014 செப்டம்பர் 30-ந் தேதியோடு சரி. 2011-ல் ஆரம்பித்த கூகுள் பிளஸ், 2019 ஏப்ரல் 2-ந் தேதி மூடப்பட்டது.

இவற்றை நடத்தியவை பெட்டிக்கடைகள் அல்ல. உலகப் பெரிய கம்பெனிகள். நோட்டீஸ் கொடுத்துத்தான் மூடினார்கள். நோட்டீசைப் பார்த்தவர்கள் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். பார்க்காதவர்கள் பாடு?

தமிழில் வலைப்பூக்கள் 2003-ம் ஆண்டு வாக்கில் மலர ஆரம்பித்தன. அவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் 'தமிழ்மணம்' 2004-ல் வந்தது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருந்த தமிழர்கள் ராப்பகலாக எழுதினார்கள். அந்தக் காலத்து முகவரிகளை இன்று தட்டிப் பாருங்கள். சில திறக்கின்றன. பல திறப்பதில்லை.

கம்பெனி மூடினால் மூடட்டும். எழுதிய மூலப்பிரதி நம் கையில் இருந்தால் வேறு இடத்தில் கடை விரிக்கலாம் அல்லவா? அதற்கு வழி செய்வதுதான் 'ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்' என்ற மென்பொருள். பெயர் பயமுறுத்தினாலும் வேலை எளிது.

தோசையும் புளிசாதமும்

ஓட்டலில் தோசைக்கு ஆர்டர் கொடுக்கிறோம். அப்புறம்தான் கல்லில் மாவை ஊற்றுகிறார்கள். வழக்கமான இணையதளங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் சமையல் ஆரம்பமாகிறது. கிடங்கிலிருந்து கட்டுரையை எடுத்து, தலைப்பு சேர்த்து, பக்கமாகத் தட்டி உங்களுக்கு அனுப்புகிறது. கூட்டம் அதிகமானால் தாமதம். சமையலறைக் கதவை ஒழுங்காகப் பூட்டாவிட்டால் திருடன் நுழைவான். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளைச் சொந்தமாக நிறுவி, அவ்வப்போது புதுப்பிக்காமல் விட்டவர்கள் தளத்தில் ஒருநாள் திடீரென்று சூதாட்ட விளம்பரம் தெரிந்தால் காரணம் இதுதான்.

புளிசாதம் வேறு. ஊருக்குப் போகும்போது வீட்டிலேயே கிளறி, இலையில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொள்கிறோம். ஜோலார்பேட்டையில் பிரித்தாலும் சரி, காட்பாடி தாண்டிப் பிரித்தாலும் சரி, உள்ளே இருப்பது அதேதான். அவ்வளவு சீக்கிரம் கெடாது.

நாம் சொல்லும் மென்பொருள் இந்தப் பொட்டலம் கட்டும் வேலையைச் செய்கிறது. நீங்கள் எழுதிய கட்டுரைகளை எடுத்து, தலைப்பு, தேதி, முகப்புப் பட்டியல் எல்லாம் சேர்த்து, முழுப் பக்கங்களாக முன்கூட்டியே ஆக்கி வைத்துவிடும். வாசகர் கேட்டதும் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பது மட்டுமே பாக்கி. அதனால் பக்கம் சட்டென்று திறக்கும். கிராமத்தில் சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்திலும் படிக்க முடியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் வேறு. மூலப்பிரதி வெறும் எழுத்து பைலாக இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்தச் செல்போனிலும், எந்த மென்பொருளிலும் அதைத் திறக்கலாம். அச்சகத்துக்குக் கொடுத்த கையெழுத்துப் பிரதி பத்திரமாக உங்கள் பெட்டியிலேயே இருப்பதற்குச் சமம். அச்சகம் மூடினால் அடுத்த அச்சகம்!

1991-ல் டிம் பெர்னர்ஸ் லீ என்ற விஞ்ஞானி வெளியிட்ட முதல் இணையதளமே இப்படி முன்கூட்டி ஆக்கி வைத்த பக்கங்கள்தான். நடுவில் ஆர்டர் தோசை முறை பரவியது. 2008-ல் டாம் பிரஸ்டன் வெர்னர் என்பவர் 'ஜெகில்' என்ற மென்பொருளை வெளியிட்டார். 2013-ல் ஸ்டீவ் பிரான்சியாவின் 'ஹியூகோ' வந்தது. இரண்டுமே இலவசம். இன்னும் எத்தனையோ இருக்கின்றன. புதியவர்களுக்கு இந்த இரண்டே போதும்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஜெகிலை வைத்துக்கொள்ளலாம். காரணம், 'கிட்ஹப்' என்ற தளம் ஜெகிலைத் தானே ஓட்டிப் பொட்டலம் கட்டித் தருகிறது. (ஜெகிலை எழுதியவர் கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.) உங்கள் செல்போனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

எப்படித் தொடங்குவது?

ஒரு ஈமெயில் முகவரியும், ஒரு மணி நேரமும் இருந்தால் போதும். கீழே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் ஒலியில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஒரு புள்ளியோ கோடோ தவறினாலும் வேலை நடக்காது. நிதானம் வேண்டும்.

முதலில் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். அங்கே நீங்கள் தேர்ந்தெடுக்கும் பயனர் பெயரே உங்கள் வலைப்பூவின் முகவரியில் வரும். எனவே விளையாட்டுப் பெயர் வேண்டாம். புனைபெயர் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

அடுத்து, 'ரெபாசிட்டரி' ஒன்றை உண்டாக்க வேண்டும். இதை உங்கள் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் உங்கள் பயனர் பெயர், ஒரு புள்ளி, கிட்ஹப், ஒரு புள்ளி, ஐ-ஓ என்று இருக்க வேண்டும். 'பப்ளிக்' என்பதையும், 'ரீட்மீ' பைல் சேர்ப்பது என்பதையும் தேர்வு செய்யுங்கள்.

இனி அலமாரியில் மூன்று பைல்கள் வைக்க வேண்டும். 'ஆட் பைல்', 'கிரியேட் நியூ பைல்' என்ற பொத்தான்கள் அதற்கு உதவும். பொத்தான் தென்படாவிட்டால் செல்போன் பிரவுசரில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பைலின் பெயர்: அண்டர்ஸ்கோர் என்ற அடிக்கோடு, அதை ஒட்டி 'கான்பிக்' (சி-ஓ-என்-எப்-ஐ-ஜி), புள்ளி, ஒய்-எம்-எல். உள்ளே மூன்றே வரிகள். முதல் வரியில் 'டைட்டில்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு உங்கள் வலைப்பூவின் பெயர். பெயரைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டாவது வரியில் 'தீம்', முக்காற்புள்ளி, இடைவெளி, 'மினிமா' (எம்-ஐ-என்-ஐ-எம்-ஏ). பக்கத்தின் தோற்றத்தைக் கவனித்துக்கொள்வது இந்த மினிமாதான். மூன்றாவது வரியில் 'லாங்' (எல்-ஏ-என்-ஜி), முக்காற்புள்ளி, இடைவெளி, பிறகு 'டாக்ஸி' என்பதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்து. தளம் தமிழ்த்தளம் என்று இது அறிவிக்கிறது. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் இதைப் பார்த்துத்தான் தமிழில் வாசிக்கும்.

முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட மறக்காதீர்கள். தொடங்கிய அன்றே பலர் "எனக்கு வரவில்லை" என்று விட்டுவிடுவதற்கு இந்த ஒரு இடைவெளிதான் காரணமாக இருக்கும்.

இரண்டாவது பைல் 'இண்டெக்ஸ்', புள்ளி, எம்-டி. (டி என்றால் டாக்டர் டி.) இதுதான் முகப்பு. முதல் வரியில் மூன்று சிறு கோடுகள்; அடுத்த வரியில் 'லேஅவுட்', முக்காற்புள்ளி, இடைவெளி, 'ஹோம்'; அதற்கடுத்த வரியில் மறுபடி மூன்று சிறு கோடுகள். அவ்வளவே. இனி நீங்கள் எழுதும் கட்டுரைகளின் பட்டியல் இங்கே தானாக வரும்.

சில செல்போன்களில் சிறு கோட்டை இரண்டு முறை தட்டினால், அவை சேர்ந்து ஒரு நீளக் கோடாக மாறிவிடும். செல்போனின் விசைப்பலகை அமைப்பில் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

மூன்றாவது பைல்தான் உங்கள் கட்டுரை. பெயர் கொடுக்கும் இடத்தில் அண்டர்ஸ்கோர், 'போஸ்ட்ஸ்' (கடைசி 'எஸ்' முக்கியம்), பிறகு ஒரு சாய்கோடு. சாய்கோட்டைத் தட்டியதும் அது ஒரு தனி அறையாக மாறிவிடும். அதன் பின் தேதி. குடியரசு தினத்தன்று எழுதினால் 2026-01-26 என்று ஆண்டு, மாதம், நாள் இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். 26-01-2026 என்று நம் வழக்கப்படி போட்டால் ஜெகில் அதைக் கட்டுரையாகவே மதிக்காது. தேதிக்குப் பிறகு ஒரு சிறு கோடு, ஆங்கில எழுத்தில் ஒரு சிறு பெயர், புள்ளி, எம்-டி.

பைலின் பெயரையும் தமிழிலேயே வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது ஆங்கில எழுத்தாக விரியும். 'அம்மா' என்ற மூன்றெழுத்துச் சொல் நாற்பத்தைந்து எழுத்து நீளத்துக்கு வால் முளைத்து நிற்கும். பார்ப்பவர்கள் ஏதோ மோசடி லிங்க் என்று தொடவே மாட்டார்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும். பைலின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

பைலுக்குள் முதலில் மூன்று சிறு கோடுகள். அடுத்த வரியில் 'லேஅவுட்', முக்காற்புள்ளி, இடைவெளி, 'போஸ்ட்'. அதற்கடுத்து 'டைட்டில்', முக்காற்புள்ளி, இடைவெளி, இரட்டை மேற்கோளுக்குள் தலைப்பு. மறுபடி மூன்று கோடுகள். ஒரு வரி காலியாக விட்டு, கட்டுரையை ஆரம்பித்துவிடுங்கள். தலைப்புக்கு மேற்கோள் எதற்கு என்றால், தலைப்பின் நடுவிலேயே முக்காற்புள்ளி வந்தால் மென்பொருள் குழம்பிவிடும். மேற்கோள் இருந்தால் குழம்பாது.

முடிந்ததும் 'கமிட்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பேஜஸ்' என்ற இடத்தில், பக்கங்கள் 'மெயின்' கிளையிலிருந்து வெளியாகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அலமாரிக்கு வைத்த பெயரையே முகவரியாகத் தட்டுங்கள். உங்கள் வலைப்பூ மலர்ந்திருக்கும்.

அடுத்த கட்டுரைக்கு மேற்சொன்ன மூன்றாவது வேலை மட்டும்தான். ரயிலில் உட்கார்ந்தே செய்துவிடலாம். பங்காருப்பேட்டை வருவதற்குள் முடிந்துவிடும். எழுதுவதைச் சொல்லவில்லை, ஏற்றுவதைச் சொல்கிறோம்!

கவிஞர்கள் கவனிக்க

கட்டுரையை எழுதும் முறைக்கு 'மார்க்டவுன்' என்று பெயர். 2004-ல் ஜான் குரூபர் என்பவர் வெளியிட்டது. பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு வரி காலியாக விட வேண்டும். உபதலைப்புக்கு முன்னால் இரண்டு 'ஹேஷ்' குறியும் ஓர் இடைவெளியும். அழுத்தமாகத் தெரிய வேண்டிய சொல்லுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி. கட்டுரை எழுத இது தாராளம்.

கவிஞர்களுக்குத்தான் சிக்கல். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனால் மார்க்டவுன் அதை மதிக்காது. எல்லா வரிகளையும் சேர்த்து ஒரே பத்தியாக்கிவிடும். புதுக்கவிதை உரைநடையாகிவிடும். (சில கவிதைகளுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.) வரியின் முடிவில் இரண்டு இடைவெளி விட்டு அடுத்த வரிக்குப் போனால் வரிகள் தனித்தனியாக நிற்கும்.

இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். கிட்ஹப்பில் ஒரு தளம் 1 ஜிகாபைட் வரை இருக்கலாம். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் பிடிக்கும். இந்தக் கட்டுரை அளவுக்கு எழுதினால் அறுபது கிலோபைட்டை ஒட்டி வரும். தினம் ஒன்று எழுதினாலும் முப்பது ஆண்டுக்குத் தாங்கும். படங்கள்தான் இடத்தை விழுங்கும். செல்போனில் எடுத்த ஒரு படம் ஐம்பது கட்டுரையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுருக்கி ஏற்றுங்கள்.

பப்ளிக் என்றால் பப்ளிக்

இலவசக் கணக்கில் அலமாரி எல்லார் கண்ணுக்கும் தெரியும். அரைகுறையாக எழுதி வைத்ததும் தெரியும். அதோடு, நீங்கள் ஒன்றை அழித்தாலும் திருத்தினாலும் பழைய வடிவம் வரலாற்றில் அப்படியே கிடக்கும். தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். எனவே செல்போன் எண், ஆதார் எண், வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இவற்றை எந்தப் பைலிலும் எழுத வேண்டாம். அண்டை வீட்டுக்காரரோடு சண்டையையும் எழுத வேண்டாம். சரிபார்க்கும்வரை கட்டுரை செல்போன் குறிப்பேட்டில் இருக்கட்டும். திருப்தியான பிறகு ஏற்றுங்கள்.

வயதானவர்கள் சொல்வதை எழுதினால், எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டி, "வெளியே போடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். சுரங்கத்தில் யார் தவறால் யார் செத்தார் என்பது போன்ற சங்கதிகள் அவர் வாயில் வரும். சம்பந்தப்பட்டவர்களின் குடும்பம் அடுத்த தெருவில் இருக்கும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. 1964-ம் ஆண்டின் நடத்தை விதிகளில் 9-வது விதி, அரசின் கொள்கையையும் செயலையும் பாதகமாக விமர்சித்து எழுதுவதைத் தடை செய்கிறது. பெயர் போடாமல் எழுதினாலும் அது பொருந்தும். புனைபெயர் கவசம் ஆகாது. மாநில அரசு, வங்கி, பொதுத்துறை நிறுவன ஊழியர்கள் தங்கள் தங்கள் விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. அப்பாவின் கதையையும், அம்மாவின் சமையலையும், வந்த புதிதில் கன்னடம் தெரியாமல் பஸ் மாறி ஏறியதையும் எழுத எந்த விதியும் குறுக்கே நிற்காது.

இன்னொன்று. கிட்ஹப் 2023 முதல் இரட்டைச் சரிபார்ப்பைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. கடவுச்சொல்லோடு இன்னொரு ரகசிய எண்ணும் கேட்கும். அப்போது 'ரெக்கவரி கோட்' என்று ஒரு பட்டியல் தருவார்கள். நம்மவர்கள் வேலை மாறினால் ஊர் மாறுகிறார்கள். ஊர் மாறினால் செல்போன் எண்ணும் மாறுகிறது. எண்ணும் போய், கோடும் இல்லையென்றால் கணக்குக்குள் திரும்ப நுழைவது மிகக் கஷ்டம். அந்தப் பட்டியலைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் வையுங்கள்.

கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ஹியூகோ வசதி. ஒரே ஒரு நிரலை இறக்கினால் போதும். அதற்குத் துணையாக வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வெளியிடும் முன்பே வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கங்களைப் பார்த்துத் திருத்தலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டித் தந்துவிடும்.

"எழுதிவிட்டேன், வெளியே வரவில்லை" என்ற புகாருக்கு ஹியூகோவில் இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, புதுக் கட்டுரையின் தலையில் 'டிராப்ட்' என்ற குறிப்பைத் தானே 'ட்ரூ' என்று போட்டுவிடும். அதை 'பால்ஸ்' என்று மாற்றாதவரை அது வரைவுதான். மற்றொன்று தேதி. கையால் வெறும் தேதியை மட்டும் போட்டால், அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் போகிறது. நைட் ஷிப்ட் முடிந்து அதிகாலை மூன்று மணிக்கு எழுதி அன்றைய தேதி போட்டால், ஹியூகோவின் கணக்கில் அந்த நாள் இன்னும் பிறக்கவில்லை. நாளைய கட்டுரை என்று ஒதுக்கி வைத்துவிடும்.

முன்பு டி.டி.பி. சென்டரில் அடித்து வைத்த பழைய பைல்கள் சிலரிடம் இருக்கும். திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதேதோ ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அந்த நாளில் ஆளுக்கொரு எழுத்துரு முறை வைத்திருந்ததால் வந்த வினை. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால், யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி இருக்கும். அந்த டி.டி.பி. சென்டர் இருக்கும்போதே, எழுத்துருவின் பெயர் நினைவிருக்கும் ஆள் இருக்கும்போதே செய்துவிடுவது உத்தமம்.

யார் படிப்பார்கள்?

முதல் மாதம் யாரும் படிக்க மாட்டார்கள். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. கூகுள் தேடலில் வருவதற்கும் நாளாகும். லிங்கை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். கட்டுரையை முழுதாக அங்கே கொட்டாமல் முதல் பத்தியை மட்டும் போட்டு, மீதியை உங்கள் தளத்தில் படிக்கச் சொல்லுங்கள். அப்போது பெயர் கழன்று போகாது.

பொட்டலம் கட்டிய தளத்தில் வாசகர் கருத்து எழுதும் இடம் கிடையாது. இது குறைதான். அதற்கென்றே தனியாக ஓர் ஈமெயில் முகவரி வைத்து, கட்டுரையின் அடியில் கொடுக்கலாம். வரும் கடிதங்களில் நல்லதை அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம். தங்கவயலில் அதே ஷாப்டில், அதே ஷிப்டில் இறங்கிய இன்னொருவரின் மகன் ஓசூரிலிருந்தோ துபாயிலிருந்தோ எழுதுவான்.

தொடர்ந்து எழுதுவோம் என்று உறுதிப்பட்ட பிறகு, ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கும் சொந்த முகவரி ஒன்றை வாங்கிக் கிட்ஹப் தளத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கிட்ஹப் வேண்டாமென்று வேறு இடத்துக்கு மாறினாலும் முகவரி மாறாது. வாசகர் வழி தவறமாட்டார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தேதி தவறி நாள் கடந்தால் அந்த முகவரியை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். அதனால் முதல் நாளே வாங்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை. ஒரு வருடம் எழுதிப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை அலமாரியைத் திறந்து, 'கோட்' என்ற பொத்தானை அழுத்தி, 'டவுன்லோட் ஜிப்' என்பதைத் தட்டுங்கள். நீங்கள் எழுதிய அத்தனையும் ஒரே மூட்டையாகச் செல்போனுக்கு வந்துவிடும். அதை ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டில் வையுங்கள். இன்னொரு பென்டிரைவை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டு வாருங்கள்.